அத்தா சொன்ன ரிஸ்க்

 

2020 ஏப்ரல் 7-இல் சிங்கப்பூரில் கடைகளை அடைத்தபோது, நோன்புப் பெருநாளுக்கு நான் வாங்கிப் போட்ட துணிக்கட்டுகள் பிரிக்காமலே கிடந்தன. வாடகை, சம்பளம், வங்கித் தவணை நிற்கவில்லை. பள்ளிவாசலும் மூடியிருந்தது. நோன்பு பிறக்கும் நாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, அத்தாவிடம் "ரிஸ்க் அதிகம்" என்றேன்.

"ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்" என்றார்கள். நான் சொன்னது பாலிடெக்னிக்கில் படித்த ரிஸ்க். அவர்கள் சொன்னதோ அல்லாஹ் அளக்கும் படி. இருவரும் சிரித்துவிட்டோம். "ஆனால் கடைச் சொந்தக்காரருக்கு நீதான் போன் போட வேண்டும்" என்றார்கள்.

அன்றிரவு அத்தா முன்நிற்க, வீட்டுக் கூடத்தில் முதல் தராவீஹ். கடன் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். காலையில் போன் போட்டேன். குரல் நடுங்காமல் பேச முடிந்தது.