5 வோல்ட்டுக்குள் ஒரு இரைச்சல்



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல அது போதும்.

2014-இல் மீன்பிடி விசைப்படகுக்கென்று ஒரு ஜி.பி.எஸ். பெட்டி செய்தேன. படகில் 24 வோல்ட் பேட்டரி. பெட்டிக்கு வேண்டியது 5 வோல்ட். நாம் லேபில் கட்டி அழுத 7805-ஐப் போட்டால் அரை ஆம்பியருக்கே 9.5 வாட் சூடாகப் போய்விடும். அதனால் ஸ்விட்சிங் சப்ளை போட்டேன்.

கோட்டைப்பட்டினத்தில் மாட்டிய மறுநாளே படகுக்காரர் போன் பண்ணினார். "சார், கயித்துல கட்டிக் கிடக்குற படகு உங்க பெட்டியில கடல்ல ஓடுது." எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அதைத் தாண்டாமல் இருக்கத்தானே அவர் பெட்டியே வாங்கினார்!

செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகக் கூறு போட்டால் வரும் ஒன்றிரண்டு பங்குதான் நம் ஆன்டெனாவுக்குக் கிடைக்கிறது. அதன் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். என் சப்ளையோ 500 கிலோஹெர்ட்ஸ். 3,150 மடங்கு மேலே என்ன மிஞ்சும் என்று இருந்துவிட்டேன். ஆனால் ஸ்விட்ச் திறந்து மூடுவது சில நானோ செகண்டில். அந்த வெட்டில் மணி அடித்த மாதிரி அதிர்வு கிளம்பி, கிகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலைத் தெளிக்கிறது. காரில் செருகும் மலிவு சார்ஜர்கள் சிலவும் இதே வேலையைச் செய்யும்.

சோதிக்காமல் இல்லை. நம் லேப் பழக்கப்படி 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வில் ரிப்பிள் பார்த்தேன். கோடு சுத்தமாக இருந்தது. 1575 அதில் எப்படித் தெரியும்? ரிசீவரை மேஜை சப்ளையில் தனியாக ஓட்டினேன். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் மூடி வானத்துக்குக் காட்டவே இல்லை.

பிறகு காட்டினேன். மேஜை சப்ளையில் 42 டெசிபெல்-ஹெர்ட்ஸ் காட்டிய அதே செயற்கைக்கோள், என் சப்ளையில் 28. இன்புட் கெப்பாசிட்டரை ஐ.சி.யின் காலடிக்கே நகர்த்தி, மின்னோட்டம் சுற்றும் வளையத்தைச் சுருக்கினேன். மேலே தகர மூடி சால்டர் செய்தேன். ஆன்டெனாவைப் பெட்டியிலிருந்து பிரித்து வீல்ஹவுஸ் கூரைக்கு ஏற்றினேன். 41 வந்தது.

மறுபடி மாட்டினேன். கட்டிய படகு கட்டிய இடத்திலேயே நின்றது. "இப்ப சரிதான் சார்" என்றார். ஆனாலும் பழைய காம்பஸை அவர் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.