மலையில் விடுவது கடலில் சேரும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் அரியூர் நாட்டுக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "கடல்வாழ் உயிரினங்களும் மாசும்". இதைக் கேட்டதுமே எங்க குழுவில் ஒரு ஆத்தா சிரிச்சாங்க. "எழுபது வளைவு ஏறி மேல வந்து உட்கார்ந்திருக்கோம். நமக்கு எதுக்குடி கடல்?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அந்த ஆத்தாவுக்குப் பதில் சொல்கிற மாதிரியே இன்றைக்குப் பேசிடறேன்.

முதல்ல தண்ணி போற வழியைப் பார்ப்போம். நம்ம மலையில் பெய்யும் மழை ஓடை ஓடையாகச் சேர்ந்து அய்யாறு ஆகுது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுது. அப்புறம் புளியஞ்சோலை. அங்கிருந்து திருச்சி மாவட்டத்துச் சமவெளியில் ஓடி காவிரியோடு சேருது. மேட்டூர் அணை இருப்பது காவிரியில் அதுக்கு ரொம்ப மேலே. அய்யாறு காவிரியைத் தொடுவது அணைக்குக் கீழே. அதனால "எல்லாத்தையும் அணையில தடுத்துடுவாங்க" என்கிற பேச்சு நமக்குப் பொருந்தாது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியுது. வெள்ளக் காலத்தில் உபரித் தண்ணியைக் கொள்ளிடத்தில் திறந்து விடுவாங்க. கொள்ளிடம் பழையாறு பக்கத்தில் வங்கக் கடலில் கலக்குது. மலை உச்சியில் ஓடையில் விழுந்த ஒரு காலிப் பாக்கெட்டுக்குக் கடலுக்குப் போக வழி இருக்கு. நல்ல மழை ஒன்று வந்தால் போதும்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கும் வெள்ளாறு சேரும் இடத்துக்கும் நடுவே, சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கு. நம்ம கூட்டமைப்பிலிருந்து பட்டறிவுப் பயணமாக அங்கே போனோம். சுமார் 1,100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு. மரங்கள் தண்ணிக்குள்ளேயே நிற்குது. சில மரங்களின் வேர் விழுது மாதிரி மேலிருந்து இறங்குது, சிலதுக்கு வேர் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே எழும்பி மூச்சு விடுது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இந்தக் காட்டில் இருக்கிற தில்லை மரத்தால்தான்.

இந்தக் காடு கடலுக்கு ஒரு அங்கன்வாடி மாதிரி. வெள்ளை இறால் கடலில் முட்டை போடும். பொரிந்த குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவில் அலையோடு மிதந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். ஆற்று நல்ல தண்ணியும் கடல் உப்புத் தண்ணியும் கலக்கிற அந்த இடத்தில், வேருக்கு இடையில் ஒளிஞ்சு, உதிர்ந்த இலை மக்கினதைத் தின்னு சில மாசம் வளரும். அப்புறம் கடலுக்குத் திரும்பும். கொடுவா, மடவை, நண்டு எல்லாத்துக்கும் இந்த உப்பங்கழி வேணும். அங்கன்வாடி கெட்டுப்போனால் கடலில் பெரிய மீன் எங்கிருந்து வரும்?

அங்கே இருளர் சமூகத்துப் பெண்களைப் பார்த்தோம். நம்மைப் போல அவங்களும் பழங்குடி, அவங்களுக்கும் குழு இருக்கு. வலை, படகு இல்லாமல், இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறாங்க. பிடிச்சதைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கிறாங்க. அந்தச் சேற்றில் கை வைக்கும்போது இறாலுக்குப் பதிலா கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் கவர் என்று தட்டுப்பட்டால் எப்படி இருக்கும்? ஒரு அக்கா என்னிடம் சொன்னாங்க: "மேல இருக்கிற ஊர்க்காரங்க எதை விடறாங்களோ, அதை நாங்க கையால தொடறோம்." இதைவிட நல்லாச் சொல்ல எனக்குத் தெரியலை.

அந்தக் காடும் ஒரு காலத்தில் அழிஞ்சு வந்ததுதான். முன்னே அதைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினாங்க. வெட்டின இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்து பள்ளமாச்சு. தேங்கின கடல் தண்ணி காய்ந்து உப்பு ஏறினது. எதுவும் முளைக்கலை. பிறகு வனத்துறையும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, தண்ணி வந்து போக வழி செய்து, கன்று நட்டாங்க. காடு திரும்ப வந்தது. நம்ம மலையில் சாமை, தினை, கேழ்வரகு விதைகளைக் காப்பாற்ற நம்மோடு வேலை செய்த அதே நிறுவனம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில், அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அங்கே இருக்கிறவங்க இன்றைக்கும் சொல்றாங்க.

நம்ம தமிழ்நாட்டுக் கடலில் இருக்கிற உயிர்களைக் கேட்டால் நம்ம மலைக்காடு மாதிரியே இருக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அதைச் சுற்றிப் பவளப் பாறைகள். பவளத்திலேயே 117 வகை கண்டிருக்காங்க. 1986-இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிச்சாங்க. பாக் நீரிணையில் கடல் பசு இருக்கு, மீனவர்கள் ஆவுளியா என்பாங்க. மாடு மேய்கிற மாதிரி கடலடியில் புல் மேயும். குட்டிக்குப் பால் கொடுக்கும். அதுக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அரசு அறிவிச்சது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி மணலில் முட்டை போடும்.

இதுங்களுக்கு நாம் அனுப்பற சீர் என்ன? இரண்டு சொல்றேன்.

ஒன்று பிளாஸ்டிக். அது மக்காது. வெயிலிலும் அலையிலும் நொறுங்கித் தூளாகும், அவ்வளவுதான். தண்ணியில் மிதக்கிற கவர் ஆமைக்குச் சொறி மீன் மாதிரி தெரியும். விழுங்கினால் குடல் அடைச்சுக்கும். தூளாக நொறுங்கினதை மட்டியும் சின்ன மீனும் இரையோடு சேர்த்து உள்ளே இழுக்கும். நம்ம கடலோரத்து மீன்களின் வயிற்றில் இந்தத் துகள்களை ஆராய்ச்சி செய்தவங்க கண்டிருக்காங்க. சோளக்காடு சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கறோமே, அதைக் குடல் எடுத்தா சமைக்கிறோம்? மலையிலிருந்து இறங்கினது சந்தை வழியா மலைக்கே ஏறி வர வழி இருக்கு.

இரண்டாவது, வயலிலிருந்து போவது. சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவில் இப்போ மரவள்ளி நிற்குது. பிடுங்கும்போது மண் இளகி, மழைக்கு ஓடிடுது. கூடவே உரமும் போகுது. உரம் தண்ணியில் அதிகமானால் பாசி பெருகும். மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் கடலே பச்சையாக மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பூங்கோரைப் பாசி என்றாங்க. அது நம்ம ஆறு போகிற கடல் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பாசி பெருகினால் தண்ணியில் மூச்சுக் காற்று குறைந்து மீன் சாகும் என்பது எந்தக் கடலுக்கும் ஒன்றுதான். வண்டல் படிந்தால் பவளமும் கடல் புல்லும் வெளிச்சம் இல்லாமல் வாடும்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வரேன். ஆடி 18 வருது. வல்வில் ஓரி விழாவுக்கும் ஆகாய கங்கைக்கும் கூட்டம் வரும். நம்ம குழுக்கள் கடை போடும். பல குழுக்களுக்கு அந்தச் சில நாள் வியாபாரம்தான் கடன் தவணைக்கு உதவுது. அன்னாசித் துண்டு கவரில், டீ கப்பில், மிளகு பாக்கெட்டில். ஒரு கணக்குப் போடுங்க. ஒரு கடையில் ஒரு நாளைக்கு 200 கவர் என்று வைத்துக்கொண்டால், பத்துக் கடைக்கு மூன்று நாளில் 6,000 கவர். அதில் பாதி குப்பைத்தொட்டிக்கு வந்தாலும் மீதி 3,000 எங்கே? படிக்கட்டில், பாறை இடுக்கில், ஓடையில். அடுத்த மழையில் அய்யாற்றில்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்கை அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. சட்டம் இருக்கு. கடை போடுகிற கை நம்ம கை.

"கவர் விலை மலிவு, மாத்தினால் லாபம் குறையும்" என்று சில அக்காக்கள் கேட்டாங்க. உண்மைதான், மறுக்கலை. தனித்தனியாகச் செய்தால் நஷ்டம் வரும். அதனாலதான் கூட்டமைப்பு முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். தீர்மானமாக எழுதணும்.

ஒன்று, அன்னாசிக்கும் கூழுக்கும் இலைத் தொன்னை, எவர்சில்வர் டம்ளர். தொன்னை தைக்கிற வேலையை வயசான உறுப்பினர்களுக்குக் கூலி கொடுத்துத் தரலாம். டம்ளர் மொத்தமாக வாங்க, கூட்டமைப்பு நிதியிலிருந்து கடன் தரணும். மிளகு, காபிக்குக் காகிதப் பை, தேனுக்குக் கண்ணாடிப் பாட்டில். எல்லாக் கடையும் ஒரே விலை வைத்தால் போட்டி இருக்காது.

இரண்டு, விழா முடிந்த மறுநாள் ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர், தூய்மைக் காவலர்களோடு சேர்ந்து படிக்கட்டையும் ஓடைக்கரையையும் பெருக்கணும். மழைக்கு முன்னே முடிக்கணும்.

மூன்று, மரவள்ளிக் காட்டில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுக்கணும். மருந்து டப்பாவை ஓடையில் கழுவக் கூடாது. முடிந்தவங்க ஒரு துண்டு நிலத்திலாவது சாமையை மறுபடி விதைக்கணும்.

இதில் எதுவும் கடலுக்காக மட்டும் இல்லை. அந்த ஓடைத் தண்ணியை முதலில் குடிப்பது நம்ம பிள்ளைகளும் நம்ம மாடுகளும்தான். கடைசியில் அது பிச்சாவரத்து அக்காக்களின் கைக்குப் போகுது. நடுவில் எத்தனையோ ஊர். சேமிப்பைச் சுத்தமாகக் கணக்கு வைக்கிற நாம், தண்ணியையும் சுத்தமாக அடுத்தவங்க கையில் ஒப்படைப்போம்.

தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் கை தூக்குங்க.