பரிசுப் புள்ளி யார் மடிப் பணம்?



அமெரிக்க நாட்டிலே ஒருவன் உணவு விடுதியில் உண்டு, கடன் அட்டையை நீட்டுகிறான். உண்டதற்காக வங்கி அவனுக்குப் பரிசுப் புள்ளிகள் வழங்குகிறது. புள்ளிகள் சேர்ந்தால் விமானப் பயணம், ஹோட்டல் அறை, விமான நிலையத்திலே தனி ஓய்வறை! கர்ணன் வங்கி திறந்துவிட்டானோ என்று நாம் ஐயுற வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். அவன் செலுத்தும் 100 டொலரில் கடைக்காரனுக்குக் கிட்டுவது ஏறத்தாழ 97 அல்லது 98 டொலரே. எஞ்சியதில் பெரும்பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. சிறுபகுதியை விசா, மாஸ்ரர்காட் போன்ற நிறுவனங்களும் கடைக்காரனின் வங்கியும் எடுத்துக்கொள்கின்றன. அட்டை ஆடம்பரமாக ஆக, இந்தத் தரகும் உயரும். ஆடம்பர அட்டையை மட்டும் கடைக்காரன் மறுக்கலாமா? ஒரு நிறுவனத்தின் கடன் அட்டைகளுள் ஒன்றை ஏற்றவன் யாவற்றையும் ஏற்க வேண்டுமென்ற விதி நெடுங்காலமாக அவன் கையைக் கட்டி வந்திருக்கிறது. ஆகவே அவன் விலையை உயர்த்துகிறான். அட்டையே இல்லாத கூலித் தொழிலாளி கைக்காசு கொடுத்துப் பாண் வாங்கும்போதும் அந்த விலையையே கொடுக்கிறான். புள்ளி மாத்திரம் அவனுக்கில்லை.

இது நமது கற்பனையன்று. பொஸ்ரன் நகர மத்திய றிசேவ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010ஆம் ஆண்டிலே கணக்கிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டொலரைத் தன்னையறியாமலே அட்டைக்காரருக்கு ஈகிறது. அட்டை பாவிக்கும் குடும்பமோ 1,133 டொலர் பெறுகிறது. ஐக்கிய சங்கக் கடைகள் அங்கத்தவர்க்கு இலாபம் பங்கிடும் முறையை நீங்கள் அறிவீர்கள். அது அங்கத்தவரின் சொந்த இலாபம். இதுவோ அயலவன் மடியை அவிழ்த்துச் செய்யும் தானம்!

வங்கியின் மற்றோர் ஊற்று வட்டி. மாதந்தோறும் கடனை முற்றாகத் தீர்ப்பவன் வட்டி கொடுப்பதில்லை. தீர்க்க இயலாதவன் நிலை என்ன? அமெரிக்க அட்டைகளின் சராசரி வட்டி 2023ஆம் ஆண்டில் நூற்றுக்கு 20 வீதத்தைத் தாண்டியது. ஆயிரம் டொலரைத் தீர்க்காது வைத்திருப்பவன் ஓராண்டில் 200 டொலருக்கு மேல் வட்டி கட்டுவான். அதே ஆயிரத்துக்கு அவன் பெற்ற புள்ளிகளின் பெறுமதி பத்து இருபது டொலர். ஆண்டுக் கட்டணமும், பாவிக்காமல் மறந்துபோன புள்ளிகளும் வேறு. விமானக் கம்பனிகளுக்கும் இது நல்ல விளைச்சல்தான்: டெல்ரா கம்பனி 2023இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடமிருந்து பெற்ற தொகை ஏறத்தாழ 700 கோடி டொலர்.

சட்டத்தால் இதைத் தடுக்க முடியாதா? அவுஸ்திரேலிய மத்திய வங்கி 2003இல் இத்தரகை ஏறத்தாழப் பாதியாக வெட்டியது. உடனே புள்ளிகளின் பெறுமதியும் சரிந்தது. மேல்மடையை அடைத்தால் கடைமடைக்கு நீர் ஏது? ஐரோப்பிய ஒன்றியமும் 2015இல் தனிமக்களின் கடன் அட்டைகளுக்கு வங்கி பெறும் தரகை 100 யூரோவுக்கு 30 சதத்துக்கு மேற்படலாகாதென வரம்பிட்டது. அமெரிக்கக் கொங்கிரஸோ 2010இல் இயற்றிய சட்டத்தில், வைப்புக் கணக்கிலிருந்து நேரே பணம் கழிக்கும் டெபிட் அட்டையின் தரகுக்கு மட்டும் வரம்பு கட்டியது. கடன் அட்டையைத் தொடவில்லை.