பளபளக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

(தொலைக்காட்சிக் குடும்பக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் கணினியில் விளையாடலாமா, கூடாதா என்பதை எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசி விட்டார்கள். நான் அந்தப் பட்டிமன்றத்திற்குள் போகப் போவதில்லை. பிள்ளை கேட்டு விட்டான், பெற்றோரும் சரி என்று சொல்லி விட்டார்கள், பணமும் கையில் இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போய் விழுகிறது என்பதுதான் என் கவலை.

அண்மையில் ஜாசின் பக்கமிருந்து ஓர் அம்மா என்னை அழைத்தார். மகன் எஸ்பிஎம் எழுதி முடித்து விட்டு, பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்து 1,800 வெள்ளி சேர்த்திருக்கிறான். 2,800 வெள்ளிக்கு ஒரு கேமிங் கணினி பார்த்து வைத்திருக்கிறான். மீதி 1,000 வெள்ளி அம்மாவின் சீட்டுப் பணத்தில் இருந்து போக வேண்டும். "தம்பி, இது நல்ல சாமான்தானா? நீங்கதான் டிவியில எல்லாத்தையும் பேசுறீங்களே" என்று கேட்டார். படத்தையும் அனுப்பினார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே தீபாவளி விளக்கு மாதிரி சிவப்பும் நீலமும். மேலே பெரிய எழுத்தில் 'ஐ7, 16 ஜிபி, கேமிங் செட்'.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, ஐ7 என்பதற்குப் பக்கத்தில் என்ன எண் போட்டிருக்கிறது?" மகன் கடைக்காரரிடம் கேட்டுச் சொன்னான்: 3770.

அந்த முதல் 3 என்பது மூன்றாம் தலைமுறை. 2012ஆம் ஆண்டில் வந்த சிப். அந்தக் காலத்தில் அது ராஜா, மறுக்கவில்லை. ஆனால் 2022இல் வந்த ஐ3-12100 என்ற, பெயரில் சின்னதான சிப், இந்த ராஜாவை எளிதாக முந்தி விடுகிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில் 12 என்று தொடங்கினால் பன்னிரண்டாம் தலைமுறை. இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்து விட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்றுக் கொள்வது, இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையில் இருந்துதான். ஆக, அலுவலகங்கள் கழித்துப் போட்ட கணினியை வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, விளக்குப் போட்டு விற்கிறார்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் மூன்று மாத உழைப்பு அதில் போகிறது.

அதனால்தான் செட்டாக வாங்காதே, பாகம் பாகமாக நீயே தேர்ந்தெடுத்து மாட்டு என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். பயந்தான். பயப்பட ஒன்றுமில்லை. திருப்புளி ஒன்று, பொறுமை கொஞ்சம், அவ்வளவுதான். கஷ்டம் மாட்டுவதில் இல்லை, தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது? பிள்ளைகள் கேசிங்கில் தொடங்குகிறார்கள். நான் விளையாட்டில் தொடங்கச் சொல்வேன். டோட்டா 2, வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவை கடுமையான கணினியைக் கேட்பவை அல்ல. (டோட்டா என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: 2013இல் அமெரிக்காவின் சியாட்டலில் நடந்த அதன் உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தது நம் மலேசியக் குழுதான்.) புதிய கதை விளையாட்டுகள் வேறு ரகம், அவைதான் பணத்தை விழுங்கும். அடுத்தது மானிட்டர். வீட்டில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ் திரை என்றால், அது ஒரு விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாலும் கண்ணுக்கு வந்து சேருவது அவ்வளவுதான். திரையைத் தீர்மானித்த பிறகுதான் கார்டைத் தீர்மானிக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் பெரும்பாலும் பட்டியலிலேயே விலை கூடிய பாகம். கையில் பணம் குறைவு என்றால் என் யோசனை இதுதான்: முதலில் கார்டே வாங்காதீர்கள். படம் காட்டும் திறனைத் தன்னுள்ளேயே கொண்ட செயலிகள் இருக்கின்றன. ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்றவை. அவற்றிலேயே டோட்டாவும் வாலரண்டும் ஓடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, பணம் சேர்ந்ததும் நல்ல கார்டு மாட்டிக் கொள்ளலாம். ஆனால் இன்டெல் செயலியில் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதில் அந்தத் திறன் கிடையாது. கார்டு இல்லாமல் திரை இருட்டாகத்தான் இருக்கும். விலை குறைவு என்று வாங்கி விட்டு, கணினி கெட்டுப் போய் விட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

செயலியும் மதர்போர்டும் கணவன் மனைவி மாதிரி, பொருத்தம் பார்க்காமல் சேர்த்து வைக்க முடியாது. 5600ஜி செயலிக்கு ஏஎம்4 பலகை, டிடிஆர்4 ரேம். 8600ஜிக்கு ஏஎம்5 பலகை, டிடிஆர்5 ரேம். ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. ஏஎம்5 வாங்கினால் பின்னாளில் பலகையை மாற்றாமல் புதிய செயலி மட்டும் போட்டுக் கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் 2025 இறுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகின் நினைவகச் சிப்புகளை அள்ளிக் கொண்டு போனதால், ஜாசினில் ஒரு பையன் வாங்கும் ரேமுக்கும் விலை கூடி விட்டது. எனவே ரேமை மட்டும் பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை என்பேன். அது எளிதில் தேயும் பொருள் அல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறேன். பவர் சப்ளை.

2007ஆம் ஆண்டு. நான் நான்காம் படிவம். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடு எங்களுடையது. அப்பா செம்பனைக் காட்டில் குலை அறுப்பவர். அம்மா பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் ஃபேக்டரி ஓப்பரேட்டர். விடியற்காலை இருட்டில் பேருந்து வந்து ஏற்றிக் கொண்டு போகும். பட்டணத்துக் கடை ஒன்றில் அப்பா தவணைக்குக் கணினி வாங்கித் தந்தார். பவர் சப்ளையில் '500 வாட்' என்று ஒட்டியிருந்தது. நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் மாலை, மழை கூட இல்லை, 'பட்' என்று சத்தம், புகை, ரப்பர் கருகும் வாடை. போனது பவர் சப்ளை மட்டுமல்ல, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கொண்டு போய் விட்டது. கடைக்காரர் "இடி விழுந்திருக்கும், உத்தரவாதம் கிடையாது" என்றார். அப்பா வாதாடத் தெரியாதவர். கணினி செத்த பிறகும் எட்டு மாதம் தவணை கட்டினோம். ஒவ்வொரு மாதமும் அப்பா பணத்தை எண்ணி உறையில் போடும்போது நான் வெளியே போய் விடுவேன்.

பிறகுதான் புரிந்தது. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை, கணினிக்குத் தேவையான 12 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் பவர் சப்ளையின் வேலை. இன்றைய கணினியில் செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மலிவான பெட்டியில், கோளாறு வந்தால் தன்னைத் தானே நிறுத்திக் கொள்ளும் பாதுகாப்பு ஒழுங்காக இருப்பதில்லை. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 என்றால், 12ஐ 20ஆல் பெருக்குங்கள். 240 வாட். வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் உள்ளே பயன்படுவது 240தான். நல்ல 500 வாட் பெட்டியில் அது 40 ஆம்பியரை ஒட்டி இருக்கும். '80 பிளஸ்' முத்திரையையும் பாருங்கள். அது மின்சாரம் வீணாகாமல் இருப்பதற்கான சான்றுதான், பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆனாலும் அது கூட இல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன். எவ்வளவு வாட் வேண்டும்? ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். சாதாரணச் செயலியையும் மற்றவற்றையும் சேர்த்தாலும் தரமான 550 வாட் தாராளம்.

கணினியின் இரும்பைத் தொட்டால் கை சுருக்கென்று கூசுகிறதா? வீட்டில் 'எர்த்' சரியில்லை என்று சந்தேகப்பட வேண்டும். பழைய லயத்து வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். நம் நாடு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. பிற்பகலில் வானம் கறுத்தால் மின் பிளக்கோடு இணையக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்குங்கள். அந்தக் கம்பி வழியாகவும் வரும். பல்லியையும் மறக்காதீர்கள். கேசிங்கின் பின்பக்க ஓட்டை வழியாக, சூடு தேடி உள்ளே போய்ச் செத்துக் கிடக்கும். கேசிங்கில் நான் பார்ப்பது விளக்கை அல்ல, காற்றோட்டத்தையும் ஓட்டைகளுக்கு வலை இருக்கிறதா என்பதையும்தான்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் தோண்டும் முறையை விட்டு விட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் கண்முன்னே அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்து விடுங்கள்.

ரசீது வாங்குங்கள், அதில் பாகங்களின் தொடர் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய பொருளில் தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனு செய்யக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது அது. 2007இல் எங்கள் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கடைசியாக, மாட்டும் வேலை. இங்கே நான் எந்த நிபுணரையும் மேற்கோள் காட்டப் போவதில்லை, எங்கள் அம்மாவைத்தான் காட்டப் போகிறேன். 1973இல் சீமென்ஸ் மலாக்காவில் தொடங்கிய ஆலைதான் பின்னர் 1999இல் இன்ஃபினியன் ஆனது. அப்படிப்பட்ட ஆலைகள் வந்த பிறகு, தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் சிப் வேலைக்குப் போனார்கள். எனக்கு வேலை கிடைத்த பிறகு, நானே பாகங்கள் வாங்கி முதன்முதலாகக் கணினி மாட்ட உட்கார்ந்தேன். ரேமை எடுக்கக் கை நீட்டினேன். அடுப்படியில் இருந்து அம்மா சத்தம் போட்டார்: "டேய், கையை எடு! வார் கட்டாம சிப்பைத் தொடுவியா?"

ஃபேக்டரியில் மணிக்கட்டில் வார் கட்டி, அதன் கம்பியை மேசையில் மாட்டிய பிறகுதான் சிப்பைத் தொட விடுவார்களாம். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம், நமக்கே தெரியாமல் சிப்பைக் கொன்று விடும். பல ஆண்டுகள் வார் கட்டிய கை அது. வீட்டில் வார் இல்லை என்றால், கம்பள விரிப்பை விட்டு எழுந்து, வண்ணம் பூசாத இரும்பை அடிக்கடி தொட்டுக் கொண்டு வேலை செய்யலாம். அன்று அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் ஓரத்தைப் பிடித்து எடுத்துக் கொடுத்தார். இத்தனை ஆண்டுகள் சிப் வேலை செய்தும், அது கடைசியில் எங்கே போய் உட்காருகிறது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

ஜாசின் தம்பி பட்டியலை மாற்றி எழுதி விட்டான். இப்போதைக்குக் கார்டு இல்லை. பவர் சப்ளைதான் முதலில் வாங்கியிருக்கிறான். அம்மா தர வேண்டியது 1,000 வெள்ளியில் இருந்து 400 வெள்ளியாக இறங்கி விட்டது. ரேம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, பழையதாகத் தேடிக் கொண்டிருக்கிறான். மற்ற சாமான்கள் எல்லாம் சாமி மேடைக்குக் கீழே பெட்டி பிரிக்காமல் இருக்கின்றனவாம். அந்த அக்கா நேற்று மறுபடி அழைத்தார், வார் எங்கே கிடைக்கும் என்று கேட்டு.