அத்தாவின் மூச்சு: நாங்கள் தாமதமாகக் கற்ற பாடம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நோயுற்ற பெற்றோரைப் பேணுவது பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் எங்களைக் கேட்டுக் கொண்டார்கள். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மோட்டார் நியூரான் நோய் எனப்படும் இயக்க நரம்பணு நோயால் பாதிக்கப்பட்ட அத்தாவை வீட்டில் வைத்துப் பார்த்துக் கொண்ட பிள்ளைகள். நாங்கள் தாமதமாகக் கற்றதை நீங்கள் முன்கூட்டியே அறிந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்கு நிற்கிறோம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். கை தளர்வதையும் கால் தடுமாறுவதையும் நாங்கள் கண்டோம். மூச்சு விடுவதும் தசைகளின் வேலைதான் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசையே காற்றை உள்ளிழுக்கும் துருத்தி. நுரையீரல் நலமாக இருந்தாலும், துருத்தி சோர்ந்தால் காற்று எவ்வாறு செல்லும்?

சஜ்தாவுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது என்று அத்தா நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார்கள். நோயின் தளர்ச்சி என்று இருந்துவிட்டோம். ஒரு தலையணை மூன்றாயிற்று. காலையில் தலைவலியோடு எழுந்தார்கள். பகலில் செய்தித்தாளைக் கையில் வைத்தபடியே உறங்கினார்கள். மலைக்காற்றும் மார்கழிக் குளிரும் நம் தொண்டாமுத்தூருக்குப் புதிதா என்ன? சளி பிடித்திருக்கிறது என்று கஷாயம் வைத்துக் கொடுத்தோம். இரவில் உறக்கமில்லை என்றதும் தூக்க மாத்திரை கொடுத்தோம். பிறகு நாங்களாகவே வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு வந்து வைத்தோம். மறுநாள் பஜ்ருக்கு எழுப்பியபோது அத்தா எழவில்லை. மயங்கிய நிலையில் கோவைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினோம்.

இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்திருந்தது. அதன் காரணத்தை மருத்துவர் விளக்கினார். படுக்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் மற்றத் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. ஆகவே இந்நோயில் மூச்சுக் குறைவு பெரும்பாலும் இரவில்தான் தொடங்குகிறது. காலைத் தலைவலியும் பகல் உறக்கமும் அதன் அடையாளங்கள். காற்றைத் தள்ளிக் கொடுக்கும் உதவியின்றி ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால், கரியமில வாயு இன்னும் கூடக்கூடும். தூக்க மருந்து மூச்சை மேலும் தாழ்த்தும். அன்பினால் நாங்கள் செய்த இரண்டுமே ஆபத்தாயின.

அத்தாவுக்கு உதவியது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் 'பைபாப்' கருவி. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆயினும் முயற்சி நம் கடமை. 2006ஆம் ஆண்டு வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், பேசும், விழுங்கும் தசைகள் பெரிதும் பழுதுபடாத நோயாளிகள் இவ்வகைக் கருவியால் நடுக்கணக்கில் 205 நாட்கள் கூடுதலாக வாழ்ந்தனர். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் அத்தா மீண்டும் தலைவலியின்றிக் கண் விழித்தார்கள்.

நெஞ்சுச் சளியும் இந்நோயில் பெரும் பகை. இருமவும் தசை வலிமை வேண்டும். அது குறைந்தால் சளி வெளியேறாது. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரும். ஆகவே நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு கவளமாக ஊட்டினோம். இருமும்போது விலா எலும்புக்குக் கீழே கை வைத்து அழுத்தித் துணை செய்யும் முறையை இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்தார். காய்ச்சல் வந்தாலோ, சளியின் நிறம் மாறினாலோ அன்றே மருத்துவரிடம் சென்றோம்.

இந்நோயின் வேகம் எல்லோருக்கும் ஒன்றன்று. பெரும்பாலோருக்கு விரைந்து முற்றும். சிலருக்கு மெல்ல நடக்கும். தென்னிந்தியாவில் இளவயதில் தொடங்கி, காது கேளாமையும் சேர்ந்து, மெதுவாகச் செல்லும் ஒரு வகையைச் சென்னை மருத்துவர்கள் 1970இல் பதிவு செய்தனர். அது இன்றும் 'மதராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே உலகெங்கும் அழைக்கப்படுகிறது. அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21ஆம் வயதில் இந்நோய் கண்டறியப்பட்டது. 2018இல், 76ஆம் வயதில்தான் மறைந்தார். 1985இல் ஜெனீவா சென்றிருந்தபோது நிமோனியா தாக்கி, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்டபோது மறுத்தவர் அவருடைய மனைவி. பின்னர் தொண்டையில் துளையிட்டுக் காப்பாற்றினார்கள். பேச்சு போயிற்று, உயிர் நின்றது.

அந்த வேளையில் அவரால் விடை சொல்ல இயலவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொண்டையில் துளையிடலாமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா என்பதை நோயாளி பேச இயலும்போதே கேட்டுவிட வேண்டும். முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. மார்க்க அறிஞர்களிடமும் மருத்துவர்களிடமும் கலந்து, குடும்பம் கூடி முடிவு செய்யலாம். எங்கள் அத்தாவிடம் இதைக் கேட்க நாங்கள் அஞ்சினோம். ஒருநாள் அவர்களே, "எதையும் என்னிடம் கேட்டுச் செய்யுங்கள்" என்றார்கள்.

ஜமாஅத்தார்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இந்நோயாளி இருந்தால், "மல்லாந்து படுக்க முடிகிறதா? காலையில் தலை வலிக்கிறதா? இருமினால் சளி வருகிறதா?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூச்சளவைப் பரிசோதிக்க இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். தூக்க மருந்தையும் ஆக்சிஜனையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். கருவி வைத்திருக்கும் வீட்டில் மின்தடைக்கு இன்வெர்ட்டர் உண்டா என்று பாருங்கள். இரவெல்லாம் கண் விழிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் இரவேனும் ஓய்வு கொடுக்க, முறை வைத்து நம் இளைஞர்கள் செல்லலாம். எங்களுக்குப் பணத்தைவிட அதுவே பெரிய உதவியாக இருந்தது.

அத்தா எங்களை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்யுமாறு வேண்டி, எங்கள் உரையை நிறைவு செய்கிறோம். வஸ்ஸலாம்.