பக்கவாதமும் நம்ம வீட்டுப் பெரியவங்களும்

பக்கவாதம் வந்த மாமியாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்ததும் கட்டில்ல படுக்க வெச்சு, ஊட்டிவிட்டு, எல்லாத்தையும் நாமே செஞ்சிடறோம். பாசம்தான், ஊர் என்ன சொல்லுமோங்கற பயமும் உண்டு. ஆனா கை கால் அதிகமாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில்தான். அது கட்டில்லயே போயிடுது. எழுபது வயசு தாண்டியவங்களும் பயிற்சியால எழுந்து நடக்கிறாங்க. தூக்கும்போது பாதிச்ச கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள்மூட்டு நழுவிடும். அந்தக் கையையும் சேர்த்து டம்ளரைப் பிடிக்கச் சொல்லுங்க, சிந்தினா சிந்தட்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருது. வீடு வீடா வர்ற தன்னார்வலர் பெரும்பாலும் நம்ம குழுப் பெண்தான். அவங்ககிட்ட பெயர் கொடுங்க. ஆறு மாசம் கடந்துட்டாலும் கொடுங்க, மெதுவா முன்னேற வாய்ப்பு இருக்கு.