சாக்கடைத் தண்ணீரில் வளரும் மீன்



ஊருக்கு ஊர் சாக்கடை இருக்கிறது. அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? கல்கத்தாவில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு புறப்பட்டவர் துருவஜோதி கோஷ். மேற்கு வங்க அரசின் பொறியாளர். சூழலியலும் படித்தவர். கழிவுநீரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராயும் வேலையை 1980-களின் தொடக்கத்தில் அரசு அவரிடம் ஒப்படைத்தது.

கல்கத்தா ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். ஆனால் தரை ஆற்றை நோக்கிச் சரியவில்லை, கிழக்கே சரிகிறது. அதனால் கழிவுநீரில் பெரும்பகுதி கால்வாய் வழியாகக் கிழக்கே போகிறது. கோஷும் அதன் பின்னாலேயே போனார். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மீன் குளங்கள். வங்காளிகள் இவற்றைப் 'பேரி' என்கிறார்கள்.

மீன் வளர்ப்போர் முதலில் குளத்தை வற்றவைத்துக் காயவிடுகிறார்கள். பிறகு கழிவுநீரைத் திறந்துவிட்டு, சில நாள் வெயிலில் விட்டுவிடுகிறார்கள். குளத்தில் ஆழம் குறைவு. அதனால் வெயில் நன்றாக உள்ளே இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அதிலிருந்து வரும் சத்தை எடுத்துக்கொண்டு பாசி வளர்கிறது. தண்ணீரில் பிராணவாயுவையும் சேர்க்கிறது. பாசி பெருகினால் தண்ணீர் கெட்டுவிடும் அல்லவா? ரோகு, கட்லா போன்ற மீன்கள் அந்தப் பசுமையில் வளர்கின்றன. அது அளவு மீறாமலும் பார்த்துக்கொள்கின்றன. நமக்குத் தொல்லையாகத் தெரியும் ஆகாயத் தாமரைக்குக்கூட அங்கே வேலை உண்டு. கரையோரம் வளர்ந்து, அலை மண்ணை அரிக்காமல் தடுக்கிறது.

எவ்வளவு கழிவுநீர் விடலாம், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் குளத்துக்காரர்களுக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். ஏட்டில் இல்லாத படிப்பு அது. கோஷ் அவர்களிடம் மாணவராகத்தான் இருந்தார். அவர்கள் சொன்னதை அளந்து பார்த்தார், எழுதிவைத்தார், எல்லை குறித்து வரைபடம் போட்டார். இந்த ஈரநிலத்தின் பரப்பு சுமார் 12,500 ஹெக்டேர். ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது. காய்கறியும் நெல்லும் தனி.

ஆனால் நகரத்துக்கு மனை வேண்டுமே! 1960-களிலேயே ஈரநிலத்தின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் சால்ட் லேக் நகரியம் எழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் மேலும் கட்டடத் திட்டங்கள் வந்தன. திட்டம் போட்டதும் அரசு. கோஷுக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசு. அரசு ஊழியர் எழுதிவைக்கலாம்; எடுத்துச் சொல்லலாம். அதற்கு மேல் ஊர்தான் எழுந்து நிற்க வேண்டும்.

ஊர் எழுந்தது. 'பப்ளிக்' என்ற தொண்டர் அமைப்பு கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதில் இருந்தவர்கள் சாதாரண நகரவாசிகள். ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று 1992 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. 2002-இல் இந்த இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் தனிச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தபின்பும் இரவோடு இரவாக மண் கொட்டித் தூர்க்கும் புகார்கள் நிற்கவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் கோஷ் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2018 பிப்ரவரியில் காலமானார். கொல்கத்தாவின் கழிவுநீர் இன்றும் கிழக்கே பாய்கிறது. குளத்துக்காரர் மடையைத் திறக்கிறார், வெயில் ஏறுகிறது.